தென்றல் மாளிகையும் எட்டயபுரத்து அரண்மனையும்

வெனிஸ் நகரில் பிசானி அரண்மனை என்றொரு பெருமாளிகை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் எழும்பத் தொடங்கி 18ஆம் நூற்றாண்டில் விரிந்து முடிந்த கட்டடம் அது. சுருளும் வளைவும் மிகுந்த, செல்வச் செருக்கை ஒளிக்காத பரோக் காலத்தின் பிள்ளை. அதைக் கட்டிய குடும்பத்திலிருந்து ஒருவர் 1735ஆம் ஆண்டில் அந்நகரக் குடியரசின் தலைவராகவும் அமர்ந்தார். இன்று அம்மாளிகையில் பிரபுக்கள் இல்லை, மாணவர்கள் இருக்கிறார்கள். பெனடெட்டோ மார்செல்லோ என்ற இசையமைப்பாளரின் பெயர் தாங்கிய இசைக்கல்லூரி அங்கே நடக்கிறது. ஐரோப்பாவின் பழைய நகரங்கள் பலவற்றிலும் இத்தகைய காட்சியைக் காணலாம். அரசு போகிறது, அரண்மனை நிற்கிறது, அதற்குள் பாட்டு வந்து குடியேறுகிறது.

இதைப் படிக்கும் நம்மில் பலருக்கு ஒரு பெருமூச்சு எழுவது இயல்பு. நம்மிடம் இல்லாத அரண்மனைகளா? அவற்றுள் ஒன்றேனும் இசைப்பள்ளி ஆயிற்றா? இக்கேள்விக்கு 'இல்லை' என்று அவசரமாக விடை சொல்லிவிடுவோர் உண்டு. உண்மை அதுவன்று. தமிழ்நாட்டில் ஒரு மாளிகை இசைக்கல்லூரி ஆகியிருக்கிறது. வேறோர் அரண்மனை, எந்தப் பெயர்ப்பலகையும் இல்லாமலேயே இசைப்பள்ளியாக இருந்து, பின் அதை இழந்திருக்கிறது. முன்னது சென்னையில் அடையாற்றங்கரையில் உள்ள பிராடி மாளிகை. பின்னது எட்டயபுரத்து அரண்மனை. இவ்விரண்டின் கதையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இன்று திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது என்று கருதுகிறோம்.

பிராடி மாளிகையைக் கட்டியவர் ஜேம்ஸ் பிராடி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர். அடையாற்றங்கரையில் தமக்குக் கிடைத்த 11 ஏக்கர் நிலத்தில், 1796க்கும் 1798க்கும் இடையில், கோட்டை போன்ற கொத்தளங்கள் வைத்து அவர் அதைக் கட்டினார். நெடுங்காலம் அதில் வாழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. சில ஆண்டுகளிலேயே, வீட்டு வாசலில் ஓடிய அதே அடையாற்றில், படகு விபத்தில் மூழ்கி இறந்தார். மயிலாப்பூரில் இன்று இராமகிருஷ்ண மடம் சாலை என வழங்கும் தெரு, முன்பு பிராடீஸ் ரோடு என்று அவர் பெயரையே கொண்டிருந்தது. சென்னை உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியான சர் தாமஸ் ஸ்டிரேஞ்ச் அம்மாளிகையில் குடியிருந்தவர்களுள் ஒருவர். ஆக, பிறப்பால் அது இசைக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாத வீடு.

1949ஆம் ஆண்டு சென்னையில் கர்நாடக இசைக்கென மத்தியக் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. முதல்வர் பொறுப்பை முதன்முதலில் ஏற்றவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். தொடக்கத்தில் அதற்குச் சொந்த வீடு இல்லை. 1950களில்தான் பிராடி மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் தமிழ்நாடு அரசு இசைக்கல்லூரி என்று பெயர் பெற்றது. 2013ஆம் ஆண்டில் சட்டமன்றச் சட்டத்தால் உருவான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கும் அவ்வளாகமே இடமாயிற்று. மாளிகைக்கும் ஒரு தமிழ்ப்பெயர் சூட்டப்பெற்றது: தென்றல்.

அப்பெயரைக் கேட்டதும் பொருநைக்கரையில் இருப்போர்க்கு ஓர் உரிமை உணர்வு தோன்றாமல் இராது. தென்றல் பிறப்பது பொதிகையில் என்பது தமிழ்க் கவிமரபு. பொருநை பிறப்பதும் அங்கேதான். அகத்தியர் இராவணனை இசையால் பிணித்தார் என்று நச்சினார்க்கினியர் தம் உரையில் குறிக்கும் தொன்மமும் அம்மலையைச் சார்ந்ததே. நம் மலையின் காற்று, பெயராக, அடையாற்றங்கரையில் ஓர் இசைக்கல்லூரிக்குச் சென்று சேர்ந்திருக்கிறது. காற்று மட்டும்தான் சென்றதா என்பதை இனிப் பார்ப்போம்.

எட்டயபுரம் பொருநைப் படுகையில் உள்ள ஊர் அன்று. கரிசல் காட்டு ஊர். ஆயினும் 1986ஆம் ஆண்டு தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகும்வரை பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். உமறுப் புலவரையும் பாரதியையும் நாம் நெல்லைச் சீமையின் கணக்கிலேயே எழுதிப் பழகியிருக்கிறோம். அந்த உரிமையில்தான் எட்டயபுரத்து அரண்மனையையும் நமதென்று பேசுகிறோம்.

அவ்வரண்மனையின் இசை வரலாறு ஒரு குடும்பத்தின் வரலாறு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்துவானாக அமர்ந்தார். ஃபிடில் என்னும் மேலைக் கருவியைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னவராக இசை வரலாறு அவரைக் குறிக்கிறது. சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அவர் அக்கருவியைப் பயின்றார். இங்கே வெனிசை மீண்டும் ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம். ஃபிடில் தன் முழு வடிவத்தையும் வலிமையையும் எய்தியது பரோக் கால இத்தாலியில். ஆக, பரோக் காலம் நம் சீமைக்குள் சுதை வேலைப்பாடாகவோ சலவைக்கல் தூணாகவோ நுழையவில்லை; நான்கு கம்பிகளும் ஒரு வில்லுமாக நுழைந்தது. கட்டடத்தை நாம் இறக்குமதி செய்யவில்லை. கருவியை எடுத்து, மடியில் சாய்த்து, தரையில் அமர்ந்து வாசித்து, நம்முடையதாக்கிக்கொண்டோம்.

முத்துசுவாமி தீட்சிதர் தம் வாழ்வின் கடைசிப் பகுதியில் தம்பியைத் தேடி எட்டயபுரம் வந்தார். 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அங்கேயே மறைந்தார். அவர் நினைவிடம் இன்றும் அவ்வூரில் இருக்கிறது. பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரனும், அவராலேயே மகனாகத் தத்தெடுக்கப்பெற்றவருமான சுப்பராம தீட்சிதர் (1839-1906) அடுத்த தலைமுறையின் அரண்மனை வித்துவான். அவர் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் நூல், ஏறத்தாழ 1700 பக்கங்களில், 72 மேளங்களின் ஒழுங்கில், இராக இலக்கணங்களையும் உருப்படிகளையும் கமகக் குறிகளோடு பதிவு செய்தது. நூல் தெலுங்கு எழுத்தில் அமைந்தது. அச்சிட்ட இடம் எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சகம். பொருளுதவி செய்தது அரண்மனை.

இந்நூல் பிறந்த விதத்தில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தீட்சிதர் பரம்பரைச் சொத்தான உருப்படிகளை ஊரறிய அச்சிடுமாறு சுப்பராம தீட்சிதரை விடாது வற்புறுத்தியவர், சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவத் தமிழறிஞர். நம் இசையை மேலைச் சுரக்குறிப்பில் எழுதி வெளியிடும் முயற்சியில் 1890களில் இறங்கியவர் அவர். கைப்பொருளையும் கண்பார்வையையும் அம்முயற்சியில் இழந்த நிலையிலும் இக்கோரிக்கையை அவர் கைவிடவில்லை. மன்னர் இசைந்தார், வித்துவான் எழுதினார், அச்சகம் அடித்தது. மதம், மொழி, பரம்பரை என்ற மூன்று வேலிகளையும் தாண்டி நடந்த வேலை அது. 1960களில் தொடங்கி மியூசிக் அகாதெமி அதைத் தமிழ் எழுத்தில் வெளியிட்ட பின்னர், தெலுங்கு எழுத்து அறியாத தமிழ் மாணவருக்கும் அது கைக்கு எட்டியது.

ஒரு பள்ளிக்கு வேண்டியவை யாவை? ஆசிரியருக்கு ஊதியம், தங்க இடம், பாடநூல், பாடத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் ஏற்பாடு. இவை யாவும் எட்டயபுரத்தில் இருந்தன. இல்லாதது வருகைப்பதிவேடு ஒன்றுதான். ஆகவேதான் அவ்வரண்மனையைப் பெயரில்லாத இசைப்பள்ளி என்றோம்.

இவ்விடத்தில் அரண்மனைகளுக்குத் துதி பாடுவதாக வாசகர் எண்ணிவிடக் கூடாது. பதிவேடு இல்லாமை சிறு குறையன்று. பதிவேடு இருக்கும் பள்ளியில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துச் சேரலாம். அரண்மனைப் பள்ளியில் பிறப்பும் உறவும் மன்னர் தயவுமே சேர்க்கை விதிகள். 'சங்கீத விஷயம்' பற்றிப் பிற்காலத்தில் உரிமையோடும் கோபத்தோடும் எழுதிய பாரதி, சிறுவயதில் அவ்வரண்மனையிலேயே பட்டம் பெற்றவன். பின்னர் அங்கே சில காலம் வேலையும் பார்த்தவன். அதில் நிற்க மாட்டாமல் வெளியேறியவன். ஆயினும் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது அவனே இரங்கற்பா பாடினான். அரண்மனைமேல் அவனுக்கிருந்த கசப்பும் வித்துவான்மேல் அவனுக்கிருந்த மதிப்பும் ஒன்றையொன்று மறைக்கவில்லை. நமக்கும் அந்த நிதானம் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பிராடி தம் மாளிகையைக் கட்டி முடித்த மறு ஆண்டு, 1799இல், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். பாஞ்சாலங்குறிச்சியின் நிலங்களில் ஒரு பகுதி, கம்பெனிக்குத் துணை நின்ற எட்டயபுரத்துக்குச் சென்றது. வெனிஸ் குடியரசு நெப்போலியனிடம் வீழ்ந்ததும் அந்தச் சில ஆண்டுகளுக்குள்தான், 1797இல். அடையாற்றங்கரை மாளிகையும் கரிசல்காட்டு அரண்மனையும் ஒரே கம்பெனி ஆட்சியின் நிழலில் செழித்தவை. இசை வளர்ந்த பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எந்த நாட்டிலும் நிம்மதியான விடை கிடைப்பதில்லை. அதனால் அக்கேள்வியை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அப்பணத்தில் விளைந்தது இப்போது யார் கையில் இருக்க வேண்டும் என்று கேட்பதே முறை. பொதுமக்கள் கையில் என்பது நமது துணிபு.

ஐரோப்பாவின் வரலாறு இங்கே இன்னொரு வகையிலும் உதவும. இசைக்கல்லூரியைக் குறிக்க அம்மக்கள் வழங்கும் கன்சர்வேட்டரி என்ற சொல் அரண்மனையில் பிறந்ததன்று. காப்பகம் என்பதே அதன் மூலப்பொருள். நேப்பிள்ஸ் நகரின் அநாதைக் காப்பகங்களில் குழந்தைகளுக்குப் பிழைப்பு வழியாக இசை கற்பித்தனர். காப்பகத்தின் பெயரே பின்னர் இசைப்பள்ளியின் பெயராயிற்று. வெனிசிலும் அவ்வாறே. விவால்டி 1703ஆம் ஆண்டு ஃபிடில் ஆசிரியராகச் சேர்ந்தது பிரபுவின் மாளிகையில் அன்று. கைவிடப்பட்ட பெண்குழந்தைகளை வளர்த்த பியெத்தா காப்பகத்தில். அக்குழந்தைகளின் வாசிப்பைக் கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆள் வந்தது. இசைப்பள்ளி அங்கே முதலில் ஏழைகளின் வீட்டில் பிறந்தது. பின்னரே அரண்மனைக்குக் குடிபோயிற்று. பிசானி அரண்மனையின் அழகு கண்டு பெருமூச்சு விடும் நாம் இந்த வரிசையை மறந்துவிடுகிறோம். ஆசிரியர் முன், மாளிகை பின்.

சென்னையிலும் வரிசை அதுவே. கல்லூரி தொடங்கி, முசிறி முதல்வராகி, பாடம் நடக்கத் தொடங்கிய பின்னரே மாளிகை கிடைத்தது. வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா அக்கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். தீட்சிதர் கிருதிகளைப் போற்றிக் காத்த குடும்பங்களுள் தனம்மாள் குடும்பம் தலையாயது. எட்டயபுரத்தில் அச்சேறிய உருப்படிகளின் உறவுகள், வாய்மொழி வழியாக, அடையாற்றங்கரையை அடைந்தன. ஒரு வீட்டின் செல்வம் வகுப்பறைக்குள் வந்தது என்பதே அக்கல்லூரியின் வரலாற்றில் பெரிய செய்தி. கொத்தளங்கள் இரண்டாம் செய்திதான்.

இனி நம் பக்கம் திரும்புவோம். பொருநைக்கரையில் இசைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்காத ஊர்க்காரர் இரார். ஆனால் இங்கே பிறந்தவர்கள் இங்கே தங்கினார்களா என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சும். அரிகேசநல்லூரில் 1877ஆம் ஆண்டு பிறந்த முத்தையா பாகவதர், மைசூர் அரண்மனையில் சாமுண்டேசுவரிமேல் 108 கிருதிகள் இயற்றினார். 1939ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் சுவாதித்திருநாள் பெயரில் இசைக்கல்விக்கூடம் தொடங்கியபோது முதல் முதல்வரும் அவரே. ஒரு சமஸ்தானம் தன் அரண்மனை இசையைப் பொதுப்பள்ளிக்கு மாற்றிக்கொடுக்க முனைந்தபோது, அதை நடத்த நம் ஆற்றங்கரைக்காரர் ஒருவர் தேவைப்பட்டார். சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் தஞ்சையில் வாழ்ந்து, 1917ஆம் ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். காருகுறிச்சி அருணாசலம், திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று நாதசுர உலகில் தலைநிமிர்ந்தார். மைசூர், திருவனந்தபுரம், தஞ்சை, திருவாவடுதுறை. நம் மண்ணின் இசைக்கு எல்லாத் திசையிலும் பள்ளி இருந்தது, நம் மண்ணைத் தவிர.

அந்நிலை முற்றிலும் அப்படியே இருக்கிறது என்று சொல்வது நியாயமாகாது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் வந்திருக்கின்றன. திருநெல்வேலியிலும் ஒன்று உண்டு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், ஃபிடில், மிருதங்கம், பரதம் என மூன்றாண்டுப் படிப்பு. பெயர் கொடுத்தால் சேரலாம், சாதி கேட்பதில்லை. அரண்மனை செய்யாததை அது செய்கிறது என்பதை மனமாரப் பாராட்டுவோம். ஆனால் மூன்றாண்டு முடிந்தபின்? தமிழ்நாட்டில் அரசு இசைக்கல்லூரிகள் சென்னை, மதுரை, திருவையாறு, கோவை ஆகிய நான்கு ஊர்களில் உள்ளன. மதுரைக்குத் தெற்கே ஒன்றுமில்லை. கோவில்பட்டி, தென்காசி, அம்பாசமுத்திரம், நாகர்கோவில் என எந்த ஊர்ப் பிள்ளையாயினும் மேற்படிப்புக்கு மதுரை போயாக வேண்டும்.

'மதுரை என்ன சீமையிலா இருக்கிறது?' என்று கேட்கலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தூரம் இல்லைதான். நாதசுரமும் தவிலும் பயிலும் பிள்ளைகளின் நிலை வேறு. முகூர்த்த நாட்களிலும் கோயில் கொடைகளிலும் வாசித்துக் கிடைப்பதே அவர்களில் பலருக்குக் கைச்செலவு. ஊரை விட்டால் அச்சேவகமும் போயிற்று. விடுதிச் செலவு மிச்சம். அத்தகைய பிள்ளை மூன்றாண்டுச் சான்றிதழோடு நின்றுவிடுகிறது. அதற்கும் மேல் கற்கத் தக்கதாக இருந்த வித்தை அங்கேயே முடங்குகிறது. நம் சீமை இழப்பது இதைத்தான்.

ஆகவே நாம் வேண்டுவது இரண்டு. ஒன்று, திருநெல்வேலியில் ஓர் அரசு இசைக்கல்லூரி. அதற்கு மாளிகை வேண்டியதில்லை. நிரந்தரப் பணியிடங்களில் அமர்ந்த ஆசிரியர்கள் வேண்டும். மாணவர் விடுதி வேண்டும். காலையிலும் மாலையிலும் பக்கத்து வீட்டாரின் வசவு இல்லாமல் சாதகம் செய்ய நான்கு சுவர் வேண்டும். மாவட்ட இசைப்பள்ளியின் நீட்சியாகவே அதைத் தொடங்கலாம். கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதில் நமக்குள்ள ஆர்வம் பணியிடம் நிரப்புவதில் இருப்பதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

மற்றொன்று, எட்டயபுரத்து அரண்மனையைப் பற்றியது. அது இன்றும் மன்னர் வழித்தோன்றல்களின் உடைமை. பகுதி பகுதியாகச் சிதைந்துவருகிறது. பழங்கட்டடத்தை வெறும் காட்சிப்பொருளாக்கிப் பூட்டி வைத்தால் கரையான் காத்துக்கொண்டிருக்கும். ஆள் புழங்கும் கட்டடமே பிழைக்கும். உடைமையாளர்களின் இசைவோடு, உரிய விலையோ குத்தகையோ கொடுத்து, அதன் ஒரு பகுதியையேனும் அரசோ பல்கலைக்கழகமோ ஏற்று, இசை ஆவணகமாக ஆக்கலாம். தஞ்சை அரண்மனையின் சரசுவதி மகால் 1918ஆம் ஆண்டில் பொது நூலகமாயிற்று. மன்னர் வீட்டு ஏடு மாணவன் மேசைக்கு வருவது நம் நாட்டிலும் நடந்ததுதான். பிரதர்சினியின் முதற்பதிப்பு, வித்யா விலாசினி அச்சகத்தின் வரலாறு, தீட்சிதர் குடும்பத்து ஆவணங்கள், கரிசல் வட்டாரத்து நாதசுர, தவில் கலைஞர்களின் பழைய ஒலிப்பதிவுகள் ஆகியவை அங்கே ஒருசேர இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நெல்லைக் கல்லூரி மாணவர் அங்கே தங்கி, சுப்பராம தீட்சிதரின் கமகக் குறிகளை எழுத்துக்கூட்டிப் பாடிப் பழக வேண்டும்.

'விவசாயத்துக்கே தண்ணீர் இல்லை, இசைக்கல்லூரிக்கு என்ன அவசரம்?' என்று கேட்போர் நம்மூரில் உண்டு. கேள்வியை இழிவாக எண்ணவில்லை. ஆனால் 1904ஆம் ஆண்டில், மழை பொய்க்கும் கரிசல் பூமியில், ஒரு சிறு சமஸ்தானம் 1700 பக்க இசைநூலுக்குச் செலவு செய்தது. அதன் வருவாயோடு ஒப்பிட இன்றைய அரசின் கருவூலம் கடல். இல்லாதது பணம் அன்று.

வாசகர்களில் ஆசிரியர்களும் இசைவாணர்களும் மாணவர்களும் இருக்கிறீர்கள். தம் ஊரில் இசைப்பள்ளி முடித்தபின் மேலே படிக்க இயலாமல் நின்ற பிள்ளைகளின் கணக்கை, ஊர்வாரியாகவும் கருவிவாரியாகவும், எடுக்கத் தொடங்குங்கள். கலை பண்பாட்டுத் துறைக்கு நாம் கொடுக்கப்போகும் விண்ணப்பத்தில் எட்டயபுரத்தின் பழம்பெருமை ஒரு பத்தி போதும். மீதிப் பக்கங்களில் அந்தக் கணக்கு இருக்கட்டும்.